சாச்சாவின் காதில்லாத கெமரா

அந்த வருடம் என்னோடு தகரக் கொட்டில்களில் இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வெயில் ஏறினால் கூரையில் முட்டை பொரிக்கலாம். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் வாயசைப்பது மட்டும் தெரியும். எந்தக் குளிர்நாட்டிலிருந்தோ நிவாரணமாக வந்த கம்பளிக் கோட்டை மடித்துத் தலைக்கு வைத்து நீங்களும் படுத்திருப்பீர்கள். கடல் வந்துபோன பிறகு, சண்டை முடிவதற்கு முன், நடுவில் கிடந்த காலம் அது. அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அழுகிற மாதிரித்தான் எழுதுகிறார்கள். அழ வேண்டியதும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் கொட்டிலில் அந்த வருடம் பாதி நாள் ஒரு கெமராவுக்கு வார் தேடுவதிலேயே போனது. இதை என் பிள்ளைகளிடம் சொன்னால் கைபேசியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்கிறார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் கதைக்கவும் வராது. அதனால் எழுதுகிறேன்.

கெமரா வாப்பாவின் தம்பியுடையது. அவரை நாங்கள் சாச்சா என்போம். சவூதியில் சாரதியாக இருந்து திரும்பும்போது யாரிடமோ பழையதாக வாங்கி வந்தார். கறுப்பும் வெள்ளியுமாக, இறைச்சிக்கடைப் படிக்கல்லைப் போலப் பாரமாக இருக்கும். அதற்கு மண்ணிறத்தில் ஒரு தோல் உறை. தோளில் மாட்டும் வார் அந்த உறையோடு தைக்கப்பட்டிருந்தது. கெமராவில் வார் கோர்க்க ஒரு காதும் கிடையாது. எல்லாப் பக்கமும் வழவழ. உறையைக் கழுத்தில் போட்டு, முன்மூடியைக் கழற்றித் தொங்கவிட்டு, கெமராவை வெளியே எடுக்காமலே சாச்சா படம் எடுப்பார்.

கடல் வருவதற்கு முதல்நாள் அந்த உறையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. சாச்சா தேங்காயெண்ணெய் பூசி அதை வீட்டு ஆணியில் தொங்கவிட்டார். கெமராவை மட்டும் துவாயில் சுற்றிக்கொண்டு, சம்மாந்துறையில் ஒரு சுன்னத்துக் கல்யாணத்துக்குப் படம் எடுக்க மனைவி பிள்ளைகளோடு போனார். இரவு அங்கேயே தங்கினார்கள். அதனால் அவர்களும் தப்பினார்கள், கெமராவும் தப்பியது. உறை வீட்டோடு போனது.

"உயிர் தப்பிட்டு, உடுப்புத்தான் போயிட்டு" என்பார் சாச்சா. தன்னைச் சொல்கிறாரா கெமராவைச் சொல்கிறாரா என்று கேட்கிறவர்களுக்குப் புரியாது.

உறை இல்லாத கெமராவை அவர் ஒரு கையால் பிடிக்க மாட்டார். அவருக்குக் கை வியர்க்கும். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைக் கொண்டு போகிற மாதிரி நடப்பார். நிவாரண வரிசையில் நிற்கும்போதும் அப்படியேதான் நிற்பார். அரிசியை யார் வாங்குவது? அவர் மனைவி சாச்சி வாங்குவா, தலையிலே சுமப்பா, ஏசிக்கொண்டே முன்னால் நடப்பா.

இனி என் அக்காவை, எங்கள் பேச்சில் ராத்தாவை, சொல்ல வேண்டும்.

என் ராத்தாவுக்குக் கடல் வருவதற்கு முன்பே சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசியிருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ராத்தாவுக்கென்று கட்டிய வீட்டில் மிஞ்சியது குசினிப் படி மட்டும். பேச்சு முறிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முறிக்கவில்லை. "வீடு வரும்போது வரட்டும், புள்ள இரிக்கிறாதானே" என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாணத்தைக் கொட்டிலிலேயே வைப்பதென்று முடிவானது.

எல்லோருக்கும் சந்தோசம். ராத்தா மட்டும் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தா. கடல் வந்த கிழமை எங்கள் பின்வீதிப் பெண் ஒருத்தி தன் உம்மாவைத் தேடி முகாம் முகாமாக அலைந்தாள். மற்றவர்கள் படத்தைக் காட்டித் தேடினார்கள். அவளிடம் படம் இல்லை. கையைத் தோளுயரத்துக்குத் தூக்கிக் காட்டுவாள். "இவ்வளவு உயரம். மூக்குல சின்ன மச்சம். சிரிச்சா ஒரு கண் மூடும்." அதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ராத்தா அன்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு உம்மாவைப் பார்த்தா.

எங்கள் உம்மாவுக்கும் படம் கிடையாது. ஆண்கள் எடுக்கும் படத்துக்கு அவ நிற்க மாட்டா. அடையாள அட்டையில் ஒன்று இருந்தது. அதில் இருந்ததும் உம்மா இல்லை, உம்மாவின் பயம்தான். அதுவும் கடலோடு போனது. புதிதுக்கு எழுதிக் கொடுப்பதை நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தா.

"எனக்கு நகையும் வேணா, சாரியும் வேணா" என்று ராத்தா ஒருநாள் சொன்னா. "கல்யாணத்துல உம்மாட முகம் ஒரு படத்துல விழணும். அது போதும்."

"என்ட முகத்துல என்னடி இரிக்கி?" என்றா உம்மா.

"ஒண்டுமில்ல. அதத்தான் எடுக்கணும்."

உம்மா யோசித்து ஒரு முடிவுக்கு வந்தா. பெண்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை எடுத்தால் நிற்பா. சாச்சா எடுத்தால் நிற்க மாட்டா. தங்கை மகளோ, அண்டை வீட்டுக் குமரோ யாராவது எடுக்கட்டும். குமர்ப்பிள்ளைகளைக் கேட்டால் ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. எல்லாருக்கும் படத்துக்குள் நிற்கத்தான் ஆசை. படத்துக்குள் நிற்கச் சொன்னால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற ஒரே ஆள் நான். எட்டாம் வகுப்பு. அதனால் என்னைப் பிடித்தார்கள்.

எனக்குப் பிடித்திருந்தது. கெமராவைப் பிடித்திருக்கிறவளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சாச்சாவிடம் போய்ச் சொன்னார்கள். அவருடைய முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

"இவள்ட கையிலயா? இவள் தண்ணிக் கோப்பையையே ரெண்டு தரம் கீழ போடுவாள்."

"உங்கட கெமரால அவள் என்ன, மாவா இடிக்கப் போறாள்?" என்றா சாச்சி.

"வார் வேணும். கழுத்துல உறுதியா ஒரு வார். வார் இல்லாம என்ட கெமரா ஒருத்திட கைக்கும் போகாது."

இப்படித்தான் வார் தேடல் தொடங்கியது.

முதலில் சைக்கிள் டியூப். சாச்சாவே வெட்டினார். இரண்டு துண்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கெமராவில் இறுக்கிச் சுற்றி, மூன்றாவது துண்டை வாராக்கி என் கழுத்தில் மாட்டினார். கையை விடச் சொன்னார். விட்டேன். கெமரா என் முழங்கால் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வந்து, என் தாடையில் அடித்தது. சாச்சா ஓடி வந்து கெமராவுக்குக் காயமா என்று பார்த்தார். என் நாக்கில் இரத்தம்.

"ஒண்டுமில்ல" என்றார். கெமராவுக்கு ஒன்றுமில்லை.

அடுத்தது வலை. எங்கள் வரிசையின் கடைசிக் கொட்டிலில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் ஒரு அண்ணன் இருந்தார், கரைவலைக்குப் போகிறவர். "கடல்ல சுறாவையே புடிக்கிற வலை, உங்கட பொட்டியப் புடிக்காதா?" என்று கேட்டு, நைலோன் நூலால் கெமராவின் அளவுக்கே ஒரு சின்னப் பை முடிந்து தந்தார். விழாது, ஆடாது. ஆனால் பொத்தானை அமுக்க விரல் உள்ளே போகவில்லை. விரல் போகிற அளவுக்கு ஒரு கண்ணைப் பெரிதாக்கினால் கெமரா அதால் எட்டிப் பார்த்தது. முன்பக்கக் கண்ணாடிக்கு மேலேயும் நூல் ஓடியது.

"இதுக்குள்ளால எடுத்தா பொண்ணும் மாப்பிள்ளையும் வலைக்குள்ள மாட்டின மாதிரித்தான் விழும்" என்று சாச்சி சொன்னா.

"கல்யாணமெண்டா அதுதானே" என்றார் காக்கா.

அந்தப் பையில் மீன் வாடையும் இருந்தது. கொட்டில் பூனை இரண்டு நாள் கெமராவை விட்டு அகலவில்லை.

அந்த நேரத்தில்தான் நிவாரணப் பெட்டி ஒன்று வந்தது. உங்களுக்கு ஞாபகமிருக்கும், அந்தப் பெட்டிகளுக்குள் என்ன கிடக்கும் என்று திறக்கிற வரை தெரியாது. எங்களுக்கு வந்ததில் ஒரு குதியுயர்ந்த சப்பாத்து, அதுவும் ஒரு கால்தான். கண்ணைக் கட்டும் துணி. பிறகு ஒரு வார். கடும் சிவப்பு. அகலமான பருத்தி நாடா, ஒரு முனையில் கை நுழைய வளையம், மறுமுனையில் பளபளவென்று இரும்புக் கொளுக்கி. கொளுக்கியை அழுத்தினால் திறக்கும், விட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

சாச்சா அதைக் கையில் வாங்கிக் கொளுக்கியைத் திறந்தார், பூட்டினார், திறந்தார், பூட்டினார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "வெள்ளக்காரன் கெமராக்கெண்டே செஞ்சிரிக்கான்."

நல்ல வார். ஆனால் காதில்லாத கெமராவில் கொளுக்கியை எதில் மாட்டுவது? கெமராவின் அடியில் மட்டும் ஒரு புரித்துளை இருந்தது. மூன்றுகால் நிறுத்தியில் பூட்டுவதற்கென்று வைத்த துளை. அந்தத் துளைக்குப் பொருந்துகிற ஒரு போல்ட் வேண்டும், தலையில் வளையத்தோடு. சாச்சா கெமராவை அணைத்துக்கொண்டு கல்முனைக் கடைகளில் ஏறி இறங்கினார், கிடைக்கவில்லை. சம்மாந்துறைக்குப் போய் அங்கேயும் கண்டவர்களிடமெல்லாம் முறையிட்டிருக்கிறார். கண்டவர்களில் மாப்பிள்ளையும் ஒருவர். அவர் அரிசி ஆலையில் இயந்திரம் பார்க்கிறவர்.

ஒரு கிழமையில் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. தீப்பெட்டியை விடச் சிறிய பெட்டி, வெள்ளிக் கடதாசியில் சுற்றி, மேலே பச்சை நாடா. ராத்தாவின் பெயருக்கு. கொட்டில் முழுவதும் கூடிவிட்டது.

"மோதிரம்" என்றா சாச்சி.

"கல்யாணத்துக்கு முந்தி மோதிரமா? என்ன வழக்கம் இது?" என்று உம்மா முகத்தைச் சுளித்தா, ஆனால் எல்லோரையும் விடக் கிட்டவாக வந்து நின்றா.

ராத்தா நாடாவை அவிழ்த்துப் பிரித்தா. உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு போல்ட். தலையில் வளையம் ஒட்டி, அரம் போட்டு மினுக்கியிருந்தது.

சாச்சி குனிந்து பார்த்தா.

"இது... எந்த விரலுக்கு?" என்று கேட்டா சாச்சி.

ராத்தா அந்தப் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ பவுண் காசு வந்த மாதிரிச் சிரித்தா. நான் அப்போது சின்னவள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ராத்தா எதைக் கேட்டா என்பதை அந்த மனிதர் எங்கேயோ இருந்து விளங்கியிருக்கிறார். அது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

போல்ட் பொருந்தியது. கொளுக்கி, வாரின் கைவளையத்தையும் சேர்த்துக்கொண்டு, போல்ட்டின் வளையத்தில் விழுந்தது. சிவப்பு வார் என் கழுத்தில் ஏறியது. அடியில் மாட்டியதால் கெமரா வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கியது. கையில் எடுத்துத் திருப்பிக்கொண்டால் சரி. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

கல்யாணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது கொட்டிலைக் கூட்டிப் பெருக்கிய ராத்தா, பாய்க்கு அடியிலிருந்து ஒரு மட்டை எடுத்தா. நிவாரணப் பெட்டியில் அந்த வாரைச் சுற்றி வந்த மட்டை. அதில் ஒரு படம். பொன்னிற மயிர் வளர்ந்த பெரிய நாய் ஒன்று நாக்கை நீட்டிச் சிரித்துக்கொண்டு நின்றது. அதன் கழுத்திலிருந்து எங்கள் சிவப்பு வார் போனது.

உம்மா மட்டையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. நான் பழகிப் பார்ப்பதற்காக அந்த வாரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சோறு தின்றுகொண்டிருந்தேன்.

"யா அல்லாஹ்! கழட்டுடி! நாய் வார்டி அது!"

"நாயிட வாரக் கழுத்துல போட்டுக்கிட்டு நிக்காஹ் வீட்டுல நிக்கிறதா?" என்றா சாச்சி.

சாச்சா விடவில்லை. "புது வார். கடையில இருந்து நேரா வந்த வார். இதுட கண்ணுல ஒரு நாயும் பட்டதில்ல."

"நாயிட நெனப்புல செஞ்சதுதானே?"

இது பெரிய வழக்காகிப் பள்ளிவாசல் லெப்பையிடம் போனது. அவர் கொட்டில் வாசலில் நின்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நாய் தொட்டதா?"

"இல்ல."

"நக்கினதா?"

"இல்ல லெப்பை."

"பின்ன என்ன? கயிறு கயிறுதானே" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில், "அந்தக் கொளுக்கி நல்ல கொளுக்கி. இன்னொண்டு வந்தா எனக்குச் சொல்லுங்க" என்றார்.

தீர்ப்பு சாச்சாவின் பக்கம். ஆனால் உம்மாவுக்கு மனம் ஆறவில்லை. "எதுக்கும்" என்றா. நாய் தொட்ட பாத்திரத்தை எப்படிக் கழுவ வேண்டுமோ அப்படியே அந்த நாய் காணாத வாரை ஏழு தரம் கழுவினா. அதில் ஒரு தரம் மண் போட்டுக் கழுவினா. கல்லில் அடித்தா. பிழிந்து கொடியில் போட்டா. கொடியின் கீழே மணல் சிவந்தது. சாயம் போவதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, தூய்மை வருகிறது என்று நினைத்தார்கள்.

கல்யாண நாள் காலை. எனக்கு வெள்ளைச் சட்டை. சாச்சா கெமராவில் முப்பத்தாறு படச் சுருளைப் போட்டு, வாரை என் கழுத்தில் மாட்டினார். மாட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகத் திரும்பியவர், திரும்ப வந்தார்.

"ஆடுது."

"ஆடினா என்ன?" என்றா சாச்சி.

"சனத்துக்குள்ள போறாள். ஒருத்தி இடிச்சா போச்சு."

மீன்காரக் காக்காவிடமிருந்து ஒரு முழம் நைலோன் கயிறு வாங்கி வந்தார். ஒரு முனையைப் போல்ட் வளையத்தில் முடிந்தார். மறுமுனையைத் தன் பச்சைநிற இடுப்புப் பட்டியில் முடிந்து, அந்தப் பட்டியை என் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். முடிச்சில் எச்சில் தொட்டு இழுத்தார். பட்டி இல்லாமல் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையை எதிர்கொள்ளப் பள்ளிவாசலுக்கு ஓடினார்.

இப்போது கெமரா விழாது. மேலே கழுத்து, கீழே இடுப்பு. நான் விழுந்தாலும் அது விழாது.

பெண்கள் பக்கம் பந்தலாகக் கட்டிய வெள்ளைத் தறப்பாளின் கீழே நல்ல வெளிச்சமாக இருந்தது. ஆண்கள் யாரும் வர முடியாதபடி சுற்றிச் சேலை கட்டியிருந்தார்கள். குரவைச் சத்தம் தொடங்கியது. ராத்தா வந்து நின்றா. "எடு, எடு" என்றார்கள். நான் கெமராவைக் கண்ணுக்குத் தூக்கினேன். நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இடுப்புக் கயிறு பிடித்துக்கொண்டது.

குனிந்து பார்த்தேன். குனிந்தால் கண்ணாடிக்குள் பாய்தான் தெரிந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், நகம்தான் உடைந்தது. உம்மாவின் முந்தானையை இழுத்து, "உம்மா, கண்ணுக்கு வருதில்ல" என்றேன்.

உம்மா ஒரு கையில் பன்னீர்ச் செம்போடும் மறுகையில் யாருடையதோ குழந்தையோடும் நின்றா. "கண் கெமராக்குத்தானே வேணும்? உனக்கு என்னத்துக்கு? நேரா வச்சு அமுக்கு."

நேராக வைத்து அமுக்கினேன். உங்களுக்குத் தெரியும்தானே, நான் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பெண்பிள்ளைதானே எடுக்கிறாள் என்று முக்காட்டைக்கூட இறக்கிவிட்டு, கொண்டை மாலையைக் காட்டி நின்றார்கள். மாப்பிள்ளையின் உம்மா, ராத்தாவின் மாமி, இரண்டு தரம் நின்றா. நான் நெஞ்சிலிருந்து சுட்டுக்கொண்டே இருந்தேன். உம்மாவும் வந்து ராத்தாவின் பக்கத்தில் நின்றா. அந்த ஒரு படத்துக்காகத்தான் இவ்வளவும். ராத்தா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, "வடிவா எடு, கிளி" என்றா. அமுக்கினேன்.

பிறகு தறப்பாளின் கீழே வெக்கை ஏறியது. எனக்கு வியர்த்து ஊற்றியது. ஒரு பெண் என்னைப் பார்த்து "ஆ!" என்றாள். உம்மா திரும்பினா. என் வெள்ளைச் சட்டைக் கழுத்தைச் சுற்றி, நெஞ்சு வரைக்கும், ஒரே சிவப்பு.

"அல்லாஹ்வே! புள்ளட கழுத்த அறுத்துப் போட்டானே!" கையிலிருந்த செம்பை எறிந்துவிட்டு உம்மா ஓடி வந்து என் முன்னால் குனிந்தா. "அந்த மனிசன்ட கெமராவும் மண்ணாங்கட்டியும்..." நான் பயத்தில் கையை இறுக்கினேன். பொத்தான் அமுங்கியது.

இரத்தம் இல்லை, சாயம். ஏழு தரம் கழுவியும் போகாமல் எனக்காகக் காத்திருந்த சாயம். ஒரு பெண் கத்தரிக்கோல் கொண்டு வந்து கயிற்றை வெட்டினாள். கெமராவில் படத்தின் எண்ணைப் பார்த்தால் சுருள் முடிந்திருந்தது.

மாப்பிள்ளை வந்து தாலி கட்டி, சாப்பாடும் முடிந்து, எல்லோரும் இளைப்பாறும்போதுதான் மாமி அந்தக் கேள்வியைக் கேட்டா.

"படத்த ஆரு கழுவுற?"

ஆண் எடுக்கக் கூடாதென்று இவ்வளவு பாடுபட்டோம். எடுத்த படத்தைக் கழுவுகிறவர் கல்முனை ஸ்டூடியோக்காரர். தாடி வைத்த, எல்லோரையும் தெரிந்த ஆண். இருட்டறையில் உட்கார்ந்து முப்பத்தாறு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அந்தப் பக்கத்தில் கொண்டை மாலை காட்டி நிற்காத பெண் ஒருத்தியும் இல்லை.

"நான் முக்காடு போட்டுத்தான் நிண்ட" என்று ஒருத்தி தொடங்கினாள்.

"எங்க போட்ட? தோள்லயா?" என்றாள் மற்றவள்.

அந்தச் சுருளைக் கடலில் போடச் சொன்னவர்களும் இருந்தார்கள். மாமி ஒரேயடியாக அந்தப் பக்கம். ராத்தா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தா. புதுப்பெண் வாய் திறக்கக் கூடாது, அதனால் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. கண்ணீர் மருதோன்றிக் கையில் விழுந்தது. உம்மாவுக்கு அதைப் பார்த்து நிற்க முடியவில்லை.

"அம்பாறைக்குக் கொண்டு போங்க" என்றா உம்மா. "அங்க சிங்களக் கடை. அவங்களுக்கு நம்மள்ள ஒருத்தியையும் தெரியாது. தெரியாதவன் பாத்தா பாத்த மாதிரி இல்ல."

இது மார்க்கத்தில் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமிக்கும் உள்ளூர ஆசை இருந்திருக்க வேண்டும். இரண்டு தரம் நின்றவ.

சுருளைக் கெமராவிலிருந்து எடுக்கச் சாச்சாவுக்குப் பயம், வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும். அதனால் கெமராவையே கொண்டு போனோம். துணைக்கு நானும் போனேன். வார் சாச்சாவின் கழுத்தில். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பெரியவர்கள் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். சீருடை போட்ட இளைஞர் ஒருவர் சாச்சாவின் முன்னால் நின்று அந்த வாரைப் பார்த்தார். வாரின் வழியே கண்ணை இறக்கிக் கொளுக்கியைப் பார்த்தார். பிறகு சாச்சாவின் காலடியைச் சுற்றித் தேடினார்.

"பல்லா கோ?" என்றார். நாய் எங்கே என்று கேட்கிறார்.

சாச்சாவின் முகம் வெளிறியது. "பல்லா நே, மாத்தையா" என்றார், நாய் இல்லை என்று. இரண்டு கையையும் தூக்கினார். கெமரா தலைகீழாகத் தொங்கியது.

அந்த இளைஞர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. கையசைத்துப் போகச் சொன்னார். பஸ்ஸில் ஏறிய சாச்சா அம்பாறை வரைக்கும் அந்த வாரைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்துப் படங்கள் வந்தன. மாமியும் சம்மாந்துறையிலிருந்து வந்துவிட்டா. பாயை விரித்துப் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். சாச்சி கடதாசி உறையைப் பிரித்து முதல் படத்தை வைத்தா.

கழுத்து, கழுத்துக்குக் கீழே மாலை, சாரி, மருதோன்றிக் கை. தலை இல்லை.

இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் இரண்டு உடம்பு, இரண்டுக்கும் தலை இல்லை. சாச்சி வேகமாக வைத்துக்கொண்டே போனா. இறைச்சிக்கடையில் அறுத்து வைத்த ஆடுகள் மாதிரி வரிசையாகப் பெண்கள். நகை தெளிவு, சேலைக் கரை தெளிவு, ஒருத்தியின் கைக்கடிகாரத்தில் நேரம்கூடத் தெளிவு.

எனக்குக் காது சூடேறியது. அடிதான் என்று நினைத்தேன்.

"சுப்ஹானல்லாஹ்" என்றா மாமி. படத்தைக் கையில் எடுத்துத் தூரப் பிடித்துப் பார்த்தா. "ஒரு முகம் இல்ல! ஒரு முகம்! இந்தப் புள்ளட அறிவப் பாருங்களன்! இத ஆரு கழுவினா என்ன, ஆரு பாத்தா என்ன?" என் தலையைத் தடவினா. "இது என்ட அட்டியல். ஓம், நான்தான் இது. இதுல ரெண்டு பிரதி போடுங்க."

அதன் பிறகு எந்தத் தயக்கமும் இல்லை. ஆண்களையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். "இந்த வளையல் ஆரு?" "அது பக்கத்துக் கொட்டில்காரி." "இந்த வயிறு?" "வயிறக் கேக்காத, பேசாம இரி." கொட்டிலே குலுங்கியது. சாச்சா மட்டும் எல்லாச் சத்தத்துக்கும் மேலாக, "ஆனா கெமரா விழல்ல பாத்தீங்களா? ஒரு கீறல் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ராத்தா சிரிக்கவில்லை. உம்மாவும் தானும் நிற்கும் படத்தை எடுத்து மடியில் வைத்திருந்தா. இரண்டு கை கோர்த்திருந்தது. அதற்கு மேலே கழுத்தோடு படம் முடிந்திருந்தது. பிறகு மீதியை ஒவ்வொன்றாகப் புரட்டினா, சீட்டு விளையாடுகிறவளைப் போல, முகத்தில் ஒன்றும் காட்டாமல். கடைசிப் படத்தில் கை நின்றது.

அதில் உம்மா இருந்தா. முழு முகம். குனிந்து, இரண்டு கையையும் என்னை நோக்கி நீட்டி, முக்காடு நழுவி, வாய் திறந்து. ஓரம் கொஞ்சம் மங்கல். கண் மங்கவில்லை.

ராத்தா படத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழும்பி, ஆண்களின் கண்ணில் படாமல் சேலைத் திரைக்குப் பின்னால் போனா. உம்மாவும் பின்னால் போனா. நானும் போனேன்.

"என்னடி அது? காட்டு." உம்மா எட்டிப் பார்த்தா. "சீ, கிழிச்சுப் போடு. ஏசிக்கிட்டு நிக்கன்."

"ஏசல்ல உம்மா."

"ஏசினதுதான். எனக்குத் தெரியாதா? இவள்ட சாச்சாவ ஏசின."

"வடிவாப் பாருங்க."

உம்மா படத்தை வாங்கினா. வெளிச்சத்துக்காகத் தகரத்தின் இடுக்கருகே போனா. தன் முகத்தை அப்படி நேராகப் பார்த்து அவவுக்குப் பழக்கமில்லை. முதலில் ஓரங்களைத்தான் பார்த்தா. நழுவின முக்காட்டை, நீட்டின கையை. பிறகுதான் கண்ணுக்கு வந்தா. வெளியே மாமியின் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் ஏசக்குள்ள இப்பிடியா இரிக்கிற?" என்று உம்மா மெதுவாகக் கேட்டா.

"ஓம் உம்மா."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

உம்மா என்னையும் ராத்தாவையும் மாறி மாறிப் பார்த்தா. "அழப்போற முகம் மாதிரியல்லவா இரிக்கி" என்றா. "இதுக்கா நீங்க இவ்வளவு நாளும் பயந்த?"

"ஆரு பயந்த?" என்றா ராத்தா. சொல்லிக்கொண்டே உம்மாவின் விரல்களுக்கிடையிலிருந்து படத்தைக் கவனமாக உருவி எடுத்துக்கொண்டா.